மயிலைக்குப் பொய் சொல்ல வராது

சென்னியப்பனின் காருக்குப் பொய் சொல்ல வராது. மற்றபடி அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காங்கேயம் மாட்டைப் போலச் சாம்பல் கலந்த வெள்ளை நிறம் என்பதால், வாங்கிய அன்றே அதற்கு மயிலை என்று பெயர் வைத்துவிட்டார். தானே ஓடும், தானே திரும்பும். அவர் கொட்டாவி விட்டால் இருக்கையைச் சாய்த்துக் கொடுக்கும். ஆனால் உண்மையைத்தான் பேசுவேன் என்று அடம் பிடிக்கும்.

அது அதன் தப்பில்லை. கார்கள் பேச ஆரம்பித்த புதிதில், கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி வாய் கூசாமல் புளுகிக்கொண்டிருந்தன. இதோ வந்துவிடும் என்று சொல்லியே ஊரெல்லாம் உருட்டின. ஜனங்கள் கொதித்துப்போய்க் கோர்ட்டுக்குப் போனார்கள். வண்டியின் புத்தி யாரிடமும் பொய் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. மனிதர்களுக்கு அப்படி ஒரு சட்டம் போட மட்டும் எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அப்போது கோயமுத்தூரில் இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. காரில் போய் இறங்கியவர்கள் அதை நிறுத்த இடம் தேடுவதை விட்டுவிட்டார்கள். இடமும் கிடையாது, இருந்தாலும் வாடகை கட்டி மாளாது. அதனால், "நீ பாட்டுக்குச் சுத்திட்டு இரு, கூப்பிடறப்ப வா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கார்கள் சுற்றின. ரோட்டில் போகிற காரில் முக்கால்வாசிக்கு உள்ளே ஆள் கிடையாது. ஆளில்லாத கார்களுக்குப் பின்னால் ஆளுள்ள கார்கள் காத்துக் கிடந்தன. அவினாசி ரோட்டில் பஸ்ஸுக்கென்று ஒரு தனித் தடம் விட்டிருந்தார்கள். அதில் போனவர்கள் மட்டும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் பஸ்ஸில் போகிறவர்களை யார் மதித்தார்கள்?

இப்படியிருக்கையில்தான், பஞ்சுமில் வீதியில் டிராம் விடப்போகிறோம், இனி அங்கே கார் வரக் கூடாது என்று போக்குவரத்து வாரியம் அறிவித்தது. பஞ்சுமில் வீதியில்தான் சென்னியப்பன் மெஸ் இருந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. இளவட்டமாக இருந்தபோது சிங்காநல்லூர்ப் பக்கம் முதல் கடை போட்டார். நன்றாக ஓடிய கடை. அதன் தலைக்கு மேலே ஒரு மேம்பாலம் கட்டினார்கள். வண்டிகள் எல்லாம் மேலே போய்விட்டன, கீழே இருட்டும் தூசியும் மிஞ்சின. ஆறு மாதத்தில் கடையை மூடினார். அன்றைக்கு அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: ரோட்டில் கை வைத்தால் கடை போய்விடும். இந்த மெஸ்ஸும் போனால் மூன்றாவது கடை போட அவருக்கு வயதும் இல்லை, தெம்பும் இல்லை. அதனால் பஞ்சுமில் வீதி வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவராகி, டிராமை எதிர்க்கக் கிளம்பிவிட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான பேச்சை ஒரு நாள் மயிலையில் உட்கார்ந்துதான் தயார் செய்தார்.

"எழுதிக்கோ. எங்க கடைக்குச் சாப்பிட வர்ற சனத்துல பாதிக்கு மேல கார்ல வர்றவங்க."

"அது அப்படி இல்லீங்களே, மொதலாளி."

"எது?"

"பாதிங்கறது. நான் நெதமும் வாசல்லயே நிக்கறனுங்க. கார்ல வந்து எறங்கறவங்க பத்துல ஒருத்தர் தேறுனாப் பெருசு. மத்தவங்க பஸ்ஸுல வந்து நடந்து வர்றவங்கதானுங்க."

"அப்பறம் வாசல் பூரா கார் நிக்குதே, அதெல்லாம் என்ன, மாட்டுச் சந்தையா?"

"ஆளில்லாத காருங்க. உங்க கொழம்பு வாசனைக்கு நிக்கலீங்க. வேப்பமரத்து நெழலுக்கு நிக்குதுங்க."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. "நீ எந்தப் பக்கம்? எனக்கா, அவங்களுக்கா?"

"நான் காருங்க மொதலாளி. எனக்கேதுங்க பக்கம்?"

வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டு என்றார். அது வாயை மூடிக்கொண்டது. பேச்சை அவரே எழுதிக்கொண்டார். பாதி என்பதை முக்கால்வாசி ஆக்கிவிட்டார்.

கருத்துக் கேட்பு நாள் வளர்பிறை முகூர்த்த நாளாக வந்து தொலைத்தது. அன்றைக்கு நகைக்கடையில் கூட்டம் நெரியும், ஜவுளிக்கடையிலும் நெரியும். சங்கத்தின் செயலாளர் குழந்தைவேலு மிட்டாய்க் கடை வைத்திருப்பவர். முகூர்த்த நாளில் கடையை விட்டு நகர்ந்தால் அவர் வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். அதற்கு முன்பு கூடிய சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்குத் தலையைச் சொறிந்தார்கள்.

குழந்தைவேலுதான் எழுந்தார். "நாம எதுக்குங்க போவோணும்? தடுக்கறது யாரை? காரைத்தான்? அப்ப காரே போகட்டும். ஆளுக்கொரு கருப்புக் கொடியைக் கட்டி அவங்கவங்க காரை அனுப்பியுடுவோம். மண்டபத்தைச் சுத்தி நம்ம காரு நிக்கற நிப்பைப் பாத்து வாரியத்துக்காரங்க மெரளோணும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாதிக்கப்பட்டதும் கார், போராடப் போவதும் கார். முதலாளிமார்கள் கல்லாவில் இருந்தபடியே போராடலாம். சென்னியப்பனும் விசிலடிக்காத குறையாகத் தட்டினார். ஆனால் சட்டப்படி ஒருவராவது நேரில் வந்து பேசியாக வேண்டும். போனில் பேசுவது ஆளா இயந்திரமா என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதால் போட்ட விதி அது. நேரில் ஆட்சேபிக்க ஒருவரும் இல்லையென்றால் திட்டம் அப்படியே நிறைவேறிவிடும். அந்த ஒருவராக நானே போகிறேன் என்றார் தலைவர்.

அன்று காலையில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு என்று மயிலையில் ஏறினார். வாசலில் நின்ற மனைவி சிவரஞ்சனி, "பஸ்ஸுல போனா வெரசாப் போயிரலாமுங்க" என்றாள். அவள் காய்கறி மார்க்கெட்டுக்கு எப்போதும் பஸ்ஸில்தான் போவாள். அவர் முறைத்த முறைப்பில் அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவினாசி ரோடு வரைக்கும் வண்டி நகர்ந்தது. அதற்கப்புறம் நகரவில்லை. சென்னியப்பன் பேச்சை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். மயிலை நின்ற இடத்திலேயே நின்றது.

"முன்னால என்ன, ஏதாச்சும் ஆக்ஸிடென்டா?"

"இல்லீங்க. காருங்க."

"யாரு காரு?"

"நம்ம சங்கத்துக் காருங்க, மொதலாளி. முன்னால குழந்தைவேலு ஐயாவோடது. அதுக்கு முன்னால நகைக்கடைக்காரரோடது மூணு. ஒண்ணை அனுப்பச் சொன்னா மூணா அனுப்பியிருக்காருங்க. இந்தப் பக்கம் ஜவுளிக்கடை. பின்னால பாத்திரக்கடை."

எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டின தூரம் வரை கருப்புக் கொடி. ஒரு காரிலும் ஆளில்லை. அந்தப் பெரிய ரோட்டில் அவர் ஒருவர்தான் ஆள், மற்றதெல்லாம் தகரம். ஆத்திரம் தாங்காமல் பக்கத்துக் காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏய், அக்கட்டால நகரு!"

அது மரியாதையாகக் கண்ணாடியை இறக்கியது. "வணக்கமுங்க தலைவரே. உங்களுக்கு ஆதரவாத்தான் வந்துட்டு இருக்கறனுங்க."

சென்னியப்பன் இருக்கையில் தொப்பென்று சாய்ந்தார். மயிலை மெல்லப் பேசியது.

"கோவிச்சுக்காமக் கேளுங்க. இப்படியே இருந்தா கூட்டம் முடிஞ்ச பொறவுதான் போய்ச் சேருவோம். யாரும் ஆட்சேபிக்கலைன்னு எழுதி முடிச்சிருவாங்க. அந்தா, எடது பக்கம் நிறுத்தத்துல பஸ் வருது பாருங்க. ஏறுனீங்கன்னா டீ ஆறதுக்குள்ள மண்டபத்துல இருப்பீங்க."

"டிராமு வேண்டாம், காருதான் வேணும்னு பேசறதுக்கு பஸ்ஸுல போய் எறங்கறதா? என்ற மானம் என்னாவறது?"

"மானம் பெருசா, மெஸ்ஸு பெருசாங்க?"

கார் இவ்வளவு கூர்மையாகக் கேட்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கதவு திறந்தது. இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்து, துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடினார்.

பஸ்ஸையும் புத்திதான் ஓட்டியது. ஆனால் கண்டக்டரை மட்டும் ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காத்தாடக் கெடக்குது!" என்று அவர் தள்ளிய தள்ளில் சென்னியப்பன் பஸ்ஸின் நடுவே போய் விழுந்தார். நடுவில் காற்றும் ஆடவில்லை, ஒன்றும் ஆடவில்லை. துண்டுக்குள் முகத்தை இழுத்துக்கொண்டார். ஆனால் அறுபது பேர் நிற்கிற பஸ்ஸில் முக்காடு போட்ட ஒருவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

"மெஸ் அண்ணா! நீங்களா?"

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஷாகிதா. டியூட்டி முடிந்து மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிற பெண். "என்னங்ணா, காரு ரிப்பேருங்களா?"

"ஆமா கண்ணு. ரிப்பேரு." சென்னியப்பன் தயங்கவே இல்லை. அவர்மேல் சட்டம் எதுவும் இல்லையே.

"எங்க வார்டுல எல்லாத்துக்கும் உங்க கடை பள்ளிபாளையம் சிக்கன்னா உசுருங்ணா. ஆனா வாரத்துல ஒரு நாள் வந்து சேர்றதே பெரும்பாடு."

அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "ஏன் கண்ணு, வெல கூடுதலா?"

"வெல இல்லீங்ணா, ரோடு. பஸ்ஸு உங்க கடைக்கு எதுத்தாப்புல எறக்கி உடுது. நடுவுல அந்த வெறுங்காருங்க சுத்திக்கிட்டே இருக்குது, ஒண்ணு போனா ஒண்ணு. தாண்ட உட்டாத்தானே? எத்தன நாள் அங்கயே நின்னு, வாசனையைப் புடிச்சுட்டுப் பட்டினியாத் திரும்பிப் போயிருக்கறேன் தெரியுமா?"

பின்னால் மனைவியை உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். "என்ற சம்சாரத்துக்கு முட்டி வலிங்க. அந்த ரோட்டத் தாண்ட மாட்டேன்னுட்டா. வாரா வாரம் உங்க கடைக்குத்தான் கெளம்பறோம். இந்தப் பக்கத்து பேக்கரியில ஆளுக்கொரு பன்னைத் தின்னுட்டு ஊட்டுக்குப் போயிர்றோம்."

"பன்னா?" என்றார் சென்னியப்பன். அவர் குரல் உடைந்துவிட்டது. தன் கடைக்கென்று கிளம்பியவர்கள், தன் அடுப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்று, பன் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேம்பாலம் கட்டிய நாளில்கூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"இன்னிக்கு டிராம் வேணும்னு சொல்லத்தானுங்ணா நாங்க எல்லாரும் போறோம். நீங்களும் அதுக்குத்தானே?" என்று கேட்டாள் ஷாகிதா.

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்துக்கு வெளியே முன்வரிசைக் கார்கள் சில எப்படியோ வந்து சேர்ந்து, கருப்புக் கொடியோடு வாசலை அடைத்து நின்றன. உள்ளே வலது பக்கம் பஸ்ஸில் வந்தவர்களால் நிரம்பி வழிந்தது. இடது பக்கம் வியாபாரிகளுக்கு. சிவப்பு உறை போட்ட நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. கார் வரலாம், நாற்காலியில் உட்கார முடியாதே. நட்ட நடுவில் தன்னந்தனியாகப் போய் உட்கார்ந்தார் சென்னியப்பன். எதிர்ப் பக்கத்திலிருந்து ஷாகிதா வாயைப் பிளந்து பார்த்தது அவருக்குத் தெரிந்தது.

வாரியத்தின் அதிகாரி தமயந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பஞ்சுமில் வீதி வியாபாரிகள் சங்கம்?"

"வந்திருக்கறனுங்க."

"உங்க உறுப்பினர்கள் எங்கீங்க?"

"வெளிய நிக்குதுங்க."

"அதுங்களை எங்க ஆளுங்க விசாரிச்சாச்சு. எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா, தெரியாதுங்க, அனுப்பிச்சாங்கன்னு சொல்லுதுங்க. டிராம் வந்தா பஞ்சுமில் வீதிக்கு நல்லதா கெட்டதான்னும் கேட்டோம்." தமயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பாவம், அதுங்க பொய் சொல்லக் கூடாதில்லீங்களா? நல்லதுன்னு சொல்லிருச்சுங்க."

மண்டபம் சிரித்து ஓயும்வரை சென்னியப்பன் காத்திருந்தார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். மனப்பாடம் செய்த பேச்சு நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்று ஆரம்பிக்க வேண்டும். வலது பக்கம் பார்த்தார். அவர் சோற்றைத் தின்கிற முக்கால்வாசிப் பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிங்காநல்லூர்ல எனக்கு ஒரு கடை இருந்துச்சுங்க" என்று வேறு எதையோ ஆரம்பித்தார். "மேம்பாலம் கட்டி அந்தக் கடை போச்சு. அதுலருந்து ரோட்டுல எவனாச்சும் கடப்பாரையைத் தூக்குனா இந்தக் கடையும் போச்சுன்னுதான் எனக்குத் தோணும். அதனாலதான் எதுக்க வந்தனுங்க. ஆனா அந்தப் பாலம் யாருக்காகக் கட்டுனது? காரு வெரசாப் போறதுக்குத்தானுங்க. என்ற கடையைத் தின்னது காரு. நான் இத்தன வருசமா அந்தக் காருக்கே வாசல்ல எடம் புடிச்சுக் காவல் நின்னிருக்கறேன். என்னைய மாதிரி கூமுட்டை இந்த ஜில்லாவுலயே இருக்க மாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அப்ப உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார் தமயந்தி.

"இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு. டிராம் நிறுத்தத்தை எங்க போட்டிருக்கீங்க?"

தமயந்தி வரைபடத்தைப் பார்த்தார். "மிட்டாய்க் கடை முக்குலீங்க."

"அதத்தான் ஆட்சேபிக்கறேன்! அங்க எறங்குனா சனம் மொதல்ல இனிப்பைத் தின்னுரும். அப்பறம் அதுங்க வயித்துல சோத்துக்கு ஏது எடம்? நிறுத்தம் மெஸ்ஸு வாசல்ல வேணுமுங்க."

மண்டபமே எழுந்து நின்று சிரித்தது. அதிகமாகக் கை தட்டியது அந்த வாத்தியாரின் சம்சாரம். மிட்டாய்க் கடையில் இருந்தபடி போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைவேலு, அரைக் கிலோ லட்டைத் தராசில் அப்படியே விட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடி வந்தார். கார்தான் போராட்டத்துக்குப் போய்விட்டதே, அவரும் பஸ்ஸில்தான் வந்தார். ஆனால் வந்து சேர்வதற்குள் கூட்டம் முடிந்திருந்தது.

பொழுது சாயும்போதுதான் மயிலை மண்டபத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது. சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மயிலை, என்னைய ஏன் பஸ்ஸுல ஏறச் சொன்னே? டிராம் வந்தா உனக்கு வேலை இருக்காதுன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"பொறவு?"

"உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கறதுதான் என்ற வேலைன்னு சொல்லித்தான் கம்பெனிக்காரங்க என்னை அனுப்புனாங்க. கார்லதான் சேர்க்கோணும்னு யாரும் சொல்லலீங்களே, மொதலாளி."

டிராம் வந்தது. நிறுத்தம் மெஸ் வாசலிலேயே அமைந்தது. குழந்தைவேலு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர் கடைக்கும் கூட்டம் தாங்காமல் போகவே, மைசூர்பாப் பொட்டலத்தோடு அவரே சமாதானத்துக்கு வந்தார். ரோட்டில் கார் இல்லாத வெளியில் ஜவுளிக்கடைக்காரர் பெஞ்சு போட்டார். வாத்தியாரும் சம்சாரமும் வாரத்தில் மூன்று நாள் வந்தார்கள். பன்னை அவர்கள் சுத்தமாக மறந்துவிட்டார்கள்.

மயிலைக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று. வீட்டு வாசலில் நின்று துரு ஏறுவதைப் பார்க்க முடியாமல், கம்பெனிக்காரர்கள் கேட்டபோது கொடுத்துவிட்டார். உடம்பை உருக்கிவிடுவோம், புத்தியை எங்காவது உபயோகித்துக்கொள்வோம் என்றார்கள். அன்றைக்குச் சென்னியப்பன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. "ஒரு காருக்குப் போய் இப்படி அழுகறீங்களே" என்று சிவரஞ்சனி கேலி செய்தாள். ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னது சரிதான், அவர் அழுதார். தினமும் கூடவே வந்து வாயாடிய ஒரு ஜீவன் அவருக்கு வேறு இல்லை.

கடையில் தலை தூக்க நேரமில்லாததால் முதல் சில மாதங்கள் அவர் டிராமில் ஏறவே இல்லை. ஒரு நாள் பேங்குக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் முதல்முறையாக ஏறினார். நல்ல கூட்டம். படியோரம் கம்பியைப் பிடித்து நின்றார். வண்டி பஞ்சுமில் வீதிக்குள் திரும்பியதும் ஒரு குரல் அறிவித்தது.

"அடுத்தது பஞ்சுமில் வீதிங்க. எறங்குனதும் எதுக்கால சென்னியப்பன் மெஸ். பள்ளிபாளையம் சிக்கன் இன்னிக்கு அருமையா வந்திருக்குதுன்னு சாப்பிட்டு ஏறுனவங்க சொன்னாங்க. ரசம் மட்டும் ரெண்டு நாளா தண்ணியா இருக்குதாமுங்க."

டிராமில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மயிலை?"

"வாங்க மொதலாளி. இந்த ஊரு ரோடு தெரிஞ்ச புத்தி வேணும்னு என்னை இங்க போட்டுட்டாங்க. உங்க ஒருத்தரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே வேலைதானுங்க, இப்பப் பேச்சுத்தொணைக்குத்தான் ஆளு நெம்ப. படியில நிக்காதீங்க, சித்தெ உள்ள போங்க."

அவர் உள்ளே போனார். டிராம் நின்றதும் துண்டால் கண்ணைத் துடைத்தபடி இறங்கி, நேரே அடுப்படிக்குப் போய், அண்டாவிலிருந்து ஒரு கரண்டி ரசத்தை மொண்டு வாயில் ஊற்றிப் பார்த்தார்.

தண்ணியாகத்தான் இருந்தது.